பிறன் யார்? — வேலூரில் விரிந்த விரல்களின் கதை

மலர்க் குழுத் தம்பிமார் வீட்டுக்கு வந்து, "சார், இந்த ஆண்டு மலரில் சேவை பற்றி ஒரு கட்டுரை வேண்டும். நீங்கள் வரலாற்றுத்துறை ஆள், நீங்களே எழுதிவிடுங்கள்" என்றார்கள். சேவை என்றவுடன் அறவுரை எழுதிவிடுவது சுலபம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவனுக்கு அறவுரையில் நம்பிக்கை குறைந்துவிடும்; ஆண்டும் ஊரும் ஆளும் இல்லாமல் எதையும் சொல்ல வராது. ஆகவே பழைய மாணவ நண்பர்களே, இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒரு சொல்லில் தொடங்கி ஓர் ஊருக்குப் போவோம். சொல்: பிறன். ஊர்: வேலூர்.

பழைய தமிழ் வேதாகமத்தில், தன்னை நேசிப்பதுபோல் நேசிக்கும்படி இயேசு சொன்ன அந்த மற்றொருவனுக்கு 'பிறன்' என்று பெயர். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'அடுத்திருப்பவர்' என்று இருக்கிறது. மூலச்சொல்லுக்கு நெருக்கம் இரண்டாவதுதான் என்பார்கள் அறிந்தவர்கள். ஆனால் எனக்கென்னவோ பழைய சொல்தான் பிடிக்கிறது. அடுத்திருப்பவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வருவார். அவரோடு வேலித் தகராறு வேண்டுமானால் இருக்கும், அந்நியம் இருக்காது. பிறன் என்றால் நான் அல்லாதவன், என் ஆள் அல்லாதவன். கட்டளை கனமாவது அங்கேதான்.

இந்தக் கட்டளை இயேசு புதிதாகப் போட்டதல்ல. யூதர்களின் லேவியராகமத்திலேயே இருக்கிறது. அவரிடம் வந்த ஒரு நியாயசாஸ்திரி அதை ஒப்புக்கொண்டுவிட்டு, சரி, அந்தப் பிறன் யார் என்று எல்லைக்கோடு கேட்டார். வக்கீல் கேள்விதான், தப்பில்லை! பதிலாக ஒரு கதை வந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள். ஆசாரியன் ஒதுங்கிப் போனான், லேவியன் ஒதுங்கிப் போனான், யூதர்கள் தீண்டத்தகாதவனாக நினைத்த சமாரியன் நின்றான். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதையின் கடைசிப் பகுதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காயத்தைக் கட்டிவிட்டு அவன் போய்விடவில்லை. சத்திரத்துக்குக் கூட்டிப் போகிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுக்கிறான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதாவது கணக்கை முடிக்கவில்லை. இந்த முடியாத கணக்கு என்னவென்று வேலூரில் ஒரு டாக்டர் பட்டறிந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நம் ஊரில் குஷ்டரோகம், பெருவியாதி என்றெல்லாம் சொல்லப்பட்ட நோயை இப்போது தொழுநோய் என்கிறோம். வேதாகமத்தில் 'குஷ்டம்' என்று வரும் இடமெல்லாம் இந்த நோய்தான் என்று சொல்ல முடியாது; பலவகைத் தோல் நோய்களுக்கும் அந்த ஒரே பெயர். ஆனால் பயம் மட்டும் சிந்தாமல் சிதறாமல் இந்த நோய்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நார்வே நாட்டு ஹான்சன் 1873-லேயே இது கிருமியால் வருவது என்று கண்டுபிடித்துவிட்டார். அதனால் பயம் குறைந்ததா என்றால், இல்லை. 1898-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சட்டம், பிச்சையெடுக்கும் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழி செய்தது. கிறிஸ்தவ மிஷன்கள் நடத்திய இல்லங்கள் இவர்களுக்குச் சோறும் கூரையும் மருந்தும் கொடுத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் அவற்றிலும் சுற்றிலும் வேலி இருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெற்ற பிள்ளையைப் பிரித்து வளர்த்த வழக்கமும் இருந்தது. அன்பு செய்துகொண்டே தள்ளி வைப்பது. அந்தக் காலத்து அறிவு அவ்வளவுதான் என்று சொல்லலாம். உள்ளே இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பால் பிராண்ட் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-இல். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் வைத்தியமும் கற்றவர், தாய் எவலின். மலைமேல் பள்ளியும் மருந்தகமும் நடத்தினார்கள். பால் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் தொழுநோயாளிகள் மருந்துக்கு வந்தார்களாம். பிள்ளைகளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அப்பா கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் போட்டாராம். எதற்கும் அஞ்சாத அப்பா முகத்தில் அன்று பயத்தைப் பார்த்தேன் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒன்பது வயதில் பையனைப் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பினார்கள். அப்பாவை மறுபடி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1929-இல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்து கொல்லிமலையிலேயே அடக்கமானார்.

பையன் முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றான். டாக்டருக்குப் படித்தது அதற்குப் பிறகுதான். 'வீணாய்ப் போன வருஷங்கள்' என்று அப்போது நினைத்திருக்கலாம். பின்னால் அந்த உளி சுத்தியல்தான் கை கொடுத்தது. லண்டனில் குண்டுவீச்சுக் காலத்தில் அறுவை மருத்துவம் பழகி, 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த இடம் அது. அப்போது ஆண் மாணவர்களையும் சேர்க்கப் போகிற சமயம்.

1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்தார். காக்ரேன் தோல் நோய் நிபுணர். டாப்சோன் வகை மருந்தைத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். தோட்டத்து வழியே நடந்து போகையில் மடங்கிய விரல்கள், குறைந்த விரல்கள், புண்ணான பாதங்கள். இவையெல்லாம் ஏன் இப்படி ஆகின்றன, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். காக்ரேன் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நான் தோல் டாக்டர், எலும்பு டாக்டர் நீங்கள்தானே? இத்தனை லட்சம் பேருக்குக் கை மடங்கிக் கிடக்கிறது, உங்களில் ஒருவராவது இதைப் படிக்க வந்ததுண்டா?

பதில் இல்லை. அங்கே நின்ற ஓர் இளைஞரின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னார் பிராண்ட். இறுக்கினார் பாருங்கள், டாக்டருக்கு வலி தாங்கவில்லை! கை செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அதற்குள் இத்தனை பலம். அப்படியானால் எல்லாத் தசையும் சாகவில்லை. சில செத்திருக்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன. எது எது என்று தெரிந்தால் போதும்.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமையான வேலை. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு தசையாகச் சோதித்து அட்டவணை போட்டார்கள். நோய் கண்டபடி தாக்கவில்லை, அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று தெரிந்தது. முழங்கை, மணிக்கட்டு போல நரம்பு தோலுக்கு அருகில் குளிர்ச்சியான இடத்தில் ஓடும்போதுதான் வீங்கிக் கெடுகிறது. ஆழத்தில் ஓடும் நரம்பு தப்பிவிடுகிறது. அதைச் சார்ந்த தசைகளும் தப்பிவிடுகின்றன. தப்பிய தசை ஒன்றின் நாணை எடுத்து, நான்கு கிளையாக்கி, உள்ளங்கை வழியே நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தால்? 1948-இல் செய்து பார்த்தார்கள். விரல்கள் நிமிர்ந்தன.

கேட்க இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் தொழுநோயாளியைப் பொது ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. அழுகிய சதையில் கத்தி வைத்தால் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் குழுவினர் கண்டது வேறு: தொழுநோய்ச் சதை ஆறத்தான் செய்கிறது. விரல் தானாக உதிர்வதும் இல்லை. வலி தெரியாததால் அடிபடுகிறது, அடிபட்டது தெரியாததால் மறுபடி அடிபடுகிறது, அப்படித்தான் விரல் தேய்கிறது. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகுகிறவன் சதை கிழிந்து ரத்தம் வருவதை அறியாமல் திருகுகிறான். அடுப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கிறார் ஒருவர். இரவில் படுத்தபோது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. காரணம் தேடினால் எலி! அதன்பின் வீடு போகிறவர்களுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள் என்பது வேலூர்க் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவ வரலாற்றில் பூனைக்கும் பங்கு உண்டு.

அவர் மனைவி டாக்டர் மார்கரெட் கண் மருத்துவரானார். கண் சிமிட்டும் நரம்பு கெட்டால் விழி உலர்ந்து பார்வை போய்விடும். மெல்லும் தசையில் ஒரு பகுதியைக் கண்ணிமைக்கு இணைத்துத் தைத்தார்கள். அப்படிப்பட்டவர் சாப்பிட உட்கார்ந்தால் ஒவ்வொரு கவளத்தை மெல்லும்போதும் கண் மூடித் திறக்கும். சிரிக்கத் தோன்றுகிறதா? அந்தக் கண் அதனால்தான் தன் இலையில் உள்ள சோற்றைப் பார்க்கிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். கை நிமிர்ந்தவர்களை வாழ்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், முகம் வாடி. டாக்டர், நீங்கள் கொடுத்த கை பிச்சைக்கு உதவாத கை என்றார்கள். முன்பு மடங்கிய விரலைப் பார்த்து இரங்கிக் காசு போட்டவர்கள், இப்போது நேரான கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சரி, வேலை செய்யலாம் என்றால் முகத்தில் தழும்பு இருக்கிறது. யாரும் வேலை தரவில்லை, வாடகைக்கு அறை தரவில்லை. நல்லது செய்யப் போய் சோற்றில் மண் விழுந்த கதை!

இதைக் கேட்டவுடன் 'சமூகம் அப்படி, நான் என்ன செய்வேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போயிருக்கலாம். ஆபரேஷன் வெற்றிதானே? புத்தகத்தில் ஏறிவிடுமே? அவர் தச்சுப் பட்டறைக்குப் போனார். கல்லூரி வளாகத்திலேயே மண்சுவரும் ஓலைக் கூரையுமாக வீடுகள் கட்டி 'புதுவாழ்வு மையம்' என்று ஒன்று தொடங்கப்பட்டது. வேண்டுமென்றே மண் வீடு. ஊருக்குத் திரும்பினால் அப்படித்தானே வாழவேண்டும். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி மரப் பொம்மைகள் செய்தார்கள், தொழில் கற்றார்கள். இளமையில் கற்ற உளிப்பிடி அங்கேதான் உதவிற்று. பட்டறையிலும் காயம் வந்தது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப் பார்த்தார்கள்: சுத்தியல் பிடியில் ஒரு சிலும்பு, செருப்பில் ஓர் ஆணி, சூடான டம்ளர். பிடியைப் பருமனாக்கினார்கள். சூடான பாத்திரத்தைத் துணி சுற்றித்தான் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாதத்துக்கு என்னென்னவோ செருப்புகளைச் செய்து பார்த்து, கடைசியில் நுண்துளை ரப்பர் அடியில் வந்து நின்றார்கள். நாடெங்கும் எம்.சி.ஆர். செருப்பு என்று அறியப்படுவது அதுதான். 1955-இல் கரிகிரியில் ஷிஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. உலகின் பல நாட்டு டாக்டர்கள் அங்கே வந்து கற்றுப் போனார்கள்.

சமாரியன் சத்திரக்காரனிடம் சொன்ன அந்த 'மேலே செலவானால்' என்பது இதுதான் என்று நினைக்கிறேன். மேலே செலவு ஆகத்தான் செய்யும்.

பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் லண்டன் வந்து இறங்கிய இரவு, காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. ஆக, வந்துவிட்டது! மனைவி பிள்ளைகள், செய்துகொண்டிருக்கும் வேலை, இத்தனை நாள் சக ஊழியர்களுக்குச் சொல்லிவந்த தைரியம், எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது. நெடுநேரம் ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அன்று அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்று எழுதியிருக்கிறார். தொழுநோயாளிகளுக்கு அத்தனை ஆண்டு தைரியம் சொன்னவருக்கும், அந்த ஓர் இரவில்தான் மறுபக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

மறுபக்கத்திலிருந்தே வந்த ஒருவரையும் சொல்லாமல் விட்டால் கதை குறைப்படும். டாக்டர் மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண், வேலூரில் படித்தவர். 1954 ஜனவரி 30 அன்று நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அறுவை மருத்துவம் கனவாகிப் போயிற்று என்றிருந்தவரிடம், தொழுநோயாளிக்குக் கை ஆபரேஷன் உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் அறுவை செய்தார். நடக்க முடியாதவர் கை மடங்கியவருக்குக் கை கொடுத்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் மறைந்தார்.

இதெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரிக்குக் காந்தியடிகள் தம் கையாலேயே சிகிச்சை செய்தார். ஆனந்தவனத்தில் பாபா ஆம்தே ஓர் ஊரையே உண்டாக்கினார். வேலூரில் மிஷன் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிலும் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். சமாரியன் கதையிலும் அடிபட்டவன் என்ன மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். உணர்ச்சியற்ற பாதத்தைப் பற்றி வேலூரில் கற்றது, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்க உதவியது. இன்று நம் பழைய மாணவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லும்போது, அந்தப் புத்திமதி எந்தத் திண்ணையில் பிறந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2003-இல் அவர் காலமானார். தாய் எவலின் கதை தனி. கணவர் இறந்தபின்பும் மலையை விடவில்லை. ஓய்வு வயது வந்துவிட்டது என்று மிஷன் சொன்னபோது, சம்பளம் வேண்டாம் என்று தாமாகவே வேறு மலைகளுக்குக் கிளம்பினார். குதிரையில், பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி. 95 வயதில், 1974-இல் இறந்து கணவர் பக்கத்தில் அடக்கமானார்.

1980-களில் கூட்டு மருந்து வந்தபின் நோய் வெகுவாகக் குறைந்தது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். எட்டியது உண்மை, ஒழிந்தது உண்மையல்ல. அதன் பிறகும் ஆண்டுதோறும் லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புதியவர்கள் கண்டறியப்பட்டு வந்திருக்கிறார்கள். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது எப்போது தெரியுமா? 2016-இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த விதி 2019-இல்தான் போயிற்று. மருந்து முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்தது. மனசு எங்கே வருகிறதோ!

என் மனசையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே மாணவனாக இருந்தபோது, எழுபதுகளின் கடைசியில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பத்து நாள் ஒரு கிராமத்துக்குப் போனோம். ரோடு போடுகிற வேலை. ஊர்க் கோடியில் ஒரு பெரியவர், நோய் குணமாகித் திரும்பியவர், காலில் அந்த ரப்பர் செருப்பு. உச்சி வெயிலில் மண் சுமந்த எங்களைப் பார்த்து, "வாங்க தம்பி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். டம்ளரைத் துணியால் சுற்றிப் பிடித்து நீட்டினார். எனக்குப் பகீரென்றது. நோய் ஒட்டக்கூடாது என்று அவரே துணி சுற்றிக் கொடுக்கிறார், அப்படியானால் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "டீ பழக்கமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். பழக்கமில்லையாம்! நம் கேன்டீனில் என் கணக்கில் இருந்த டீ பாக்கி எவ்வளவென்று என் அறைத்தோழர்களுக்குத் தெரியும். கூட வந்தவர்களில் ஒருவன் மட்டும் வாங்கிக் குடித்தான்.

அந்தத் துணி எதற்கு என்பது, பல ஆண்டு கழித்து பிராண்டின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது. சூடு தெரியாத கைக்கு யாரோ சொல்லிக் கொடுத்த பாடம் அது. என்னைக் காக்க அல்ல, தன் விரலைக் காத்துக்கொள்ள.

அந்த முகாமில் இருந்தவர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால், குறிப்பாக அன்று டீ குடித்த நண்பன் படித்தால், சங்க அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது, ஒரு வரி எழுதவும். அந்தப் பெரியவர் பெயர் என்ன என்று நினைவிருந்தால் சொல்லவும். நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.